ஓர் எழுத்து மாறினால்: கொசுவழி வைரஸ்களும் மரபணு ஆய்வும்

மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் என்றொரு பிரெஞ்சுத் தீவு இருக்கிறது. 2005 மார்ச் வாக்கில் அங்கே கொமொரோ தீவுகளிலிருந்து சிக்குன்குனியா வந்து சேர்ந்தது. சில ஆயிரம் பேரைப் படுக்கையில் தள்ளிவிட்டு, குளிர்காலம் வந்ததும் அடங்கிப்போனதாகத் தெரிந்தது. ஆண்டு முடிவதற்குள் நிலைமை தலைகீழானது. 2006 பிப்ரவரியில் ஒரே வாரத்தில் 40,000-க்கும் மேற்பட்டோர் காய்ச்சலில் விழுந்தார்கள். எல்லாம் ஓய்ந்த பிறகு கணக்குப் பார்த்தால், 8 லட்சத்துக்குச் சற்றுக் குறைந்த மக்களில் சுமார் 2,66,000 பேரை நோய் தொட்டிருந்தது. மூன்றில் ஒருவர்.

இதில் ஒரு முடிச்சு இருந்தது. சிக்குன்குனியாவைப் பரப்புவதில் முதலிடம் ஏடிஸ் எஜிப்தி கொசுவுக்கு என்பதே அதுவரை இருந்த பாடம். அந்தக் கொசு ரீயூனியனில் அரிது. எங்கும் மொய்த்தது அதன் ஒன்றுவிட்ட உறவான ஏடிஸ் அல்போபிக்டஸ், அதாவது ஆசியப் புலிக்கொசு. இந்த வைரஸைப் பொறுத்தவரை அதை இரண்டாந்தர ஆளாகவே எல்லோரும் மதித்திருந்தார்கள். இரண்டாந்தர ஆள் எப்படி ஒரு தீவையே கவிழ்த்தது?

விடை வைரஸின் மரபணுவரிசையில் கிடைத்தது. சிக்குன்குனியா வைரஸின் மொத்த மரபுச்செய்தியும் சுமார் 11,800 எழுத்துகள் கொண்ட ஒற்றை ஆர்.என்.ஏ. இழை. எழுத்து என்பது இங்கே ஏ, சி, ஜி, யூ என்ற நான்கு வேதிக்கூறுகளில் ஒன்று. மனிதரின் மரபணுத்தொகையில் 300 கோடிக்கும் மேற்பட்ட எழுத்துகள். வைரஸினுடையதை நாளிதழின் ஒரு பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டுவிடலாம். பாஸ்டர் நிறுவன ஆய்வாளர்கள் தீவின் நோயாளிகளிடமிருந்து எடுத்த வைரஸ்களை வரிசைப்படுத்தினார்கள். தொடக்க மாதங்களின் மாதிரிகளில், வைரஸின் மேலுறையிலுள்ள இ1 புரதத்தின் 226-ஆம் இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலம் (புரதத்தைக் கோக்கும் மணிகளில் ஒரு வகை) இருந்தது. செப்டம்பருக்குப் பிந்தைய மாதிரிகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் அதே இடத்தில் வாலின் என்ற வேறோர் அமினோ அமிலம். அலனினை வாலினாக்க ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும்: ஒரு ‘சி’, ‘யூ’ ஆக வேண்டும், அவ்வளவுதான்.

இதோடு நின்றிருந்தால் அது வெறும் சந்தேகம். பெருந்தொற்றின் நடுவே எந்த வைரஸைப் படித்தாலும் ஏதாவது ஓர் எழுத்து மாறியிருக்கும். பெரும்பாலான மாற்றங்களுக்குப் பொருளே இராது. எதேச்சையாக முதலில் பரவிய வைரஸில் இருந்த எழுத்து, பரவலோடு சேர்ந்து சும்மா பயணம் செய்திருக்கலாம். எனவே அமெரிக்காவின் கால்வெஸ்டனில் ஒரு குழு அடுத்த வேலையைச் செய்தது. அந்த ஓர் எழுத்தைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒன்றேயான இரண்டு வைரஸ்களை ஆய்வகத்தில் உருவாக்கி, இரத்தத்தில் கலந்து கொசுக்களுக்கு ஊட்டியது. 2007-இல் முடிவு வெளிவந்தது. வாலின் உள்ள வைரஸ், முன்பு தேவைப்பட்டதைவிடப் பல மடங்கு குறைவாக இரத்தத்தில் இருந்தாலே புலிக்கொசுவின் குடலைத் தொற்றிவிட்டது. எஜிப்தி கொசுவிலோ அதே மாற்றத்தால் எந்த ஆதாயமும் இல்லை.

குடல் என்பது இங்கே சும்மா வந்த சொல் இல்லை. கொசு ஊசி மாதிரி, ஒருவர் இரத்தத்தை எடுத்து இன்னொருவர் உடலில் ஏற்றுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. குடித்த இரத்தத்தோடு வந்த வைரஸ் முதலில் குடல் செல்களுக்குள் நுழைய வேண்டும், அங்கே பெருக வேண்டும், குடற்சுவரைத் தாண்ட வேண்டும், உமிழ்நீர்ச் சுரப்பியை எட்ட வேண்டும். பிறகுதான் அந்தக் கொசுவின் கடி ஆபத்து. இதற்கு ஒரு வாரம் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். கொசுவின் ஆயுளோ சில வாரம். வாசலில் சுலபமாக நுழையும் வைரஸுக்கு இந்த ஓட்டத்தில் எவ்வளவு முந்துகை கிடைக்கும் என்பதை ரீயூனியன் காட்டியது.

நான் இந்தக் கதையை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எழுத்தைப் படிப்பது ஒன்று. அதன் பொருளை நிறுவுவது வேறொன்று. மரபணு ஆய்வு என்றால் செய்திகளில் பெரும்பாலும் முதலாவதுதான் அடிபடுகிறது. ‘புதிய திரிபு கண்டுபிடிப்பு’ என்ற தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம், கொசுவுக்கு ஊட்டிப் பார்த்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

கதை அங்கே முடியவுமில்லை. 2007-இல் ரப்பர் தோட்டங்களும் புலிக்கொசுவும் நிறைந்த கேரளத்தில் பரவிய வைரஸிலும் அதே 226-ஆம் இடத்தில் அதே வாலின் முளைத்தது. மத்திய ஆப்பிரிக்காவின் காபோனிலும் அப்படியே. ரீயூனியனிலிருந்து தொற்றிப்போனது இல்லை அது. வெவ்வேறு கிளைகளில் தனித்தனியே பிறந்தது என்பதை வைரஸ்களின் வம்சாவளி மரம் காட்டியது. புலிக்கொசு எங்கெல்லாம் இருந்ததோ, அங்கெல்லாம் அந்த எழுத்துக்குத் தேவை இருந்திருக்கிறது.

அப்படியானால் இன்னொரு கேள்வி எழுகிறது. புலிக்கொசுவின் தாய்மண் தென்கிழக்கு ஆசியா. சிக்குன்குனியாவின் ஆசியக் கிளை அங்கே அரை நூற்றாண்டுக்கும் மேலாக உலவியது. அது ஏன் இந்த மாற்றத்தைப் பிடிக்கவில்லை? 2011-இல் இதற்கும் விடை வந்தது. ஆசியக் கிளையில் அதே இ1 புரதத்தின் 98-ஆம் இடத்தில் திரியோனின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அது இருக்கும்வரை 226-இல் வாலின் வந்தாலும் புலிக்கொசுவில் பயனில்லை. ஒற்று மிகுவதும் மிகாததும் பக்கத்துச் சொல்லைப் பொறுத்தது என்று இலக்கணத்தில் படிக்கிறோமே, அதுபோலத்தான் இதுவும். எந்த எழுத்துக்கும் தனியே பொருள் இல்லை. அண்டை எழுத்துகளோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இந்த மாற்றங்கள் ஓயாமல் வருவதற்குக் காரணம் ஆர்.என்.ஏ. வைரஸ்களின் கவனக்குறைவு. நகலெடுக்கும்போது பிழைதிருத்தும் வசதி இவற்றில் பெரும்பாலானவற்றின் நொதிக்கு இல்லை. ஆனாலும் கொசுவழி வைரஸ்கள், மற்ற பல ஆர்.என்.ஏ. வைரஸ்களைவிட மெதுவாகவே மாறுகின்றன. கொசுவிலும் வாழ வேண்டும், முதுகெலும்பியிலும் வாழ வேண்டும். ஒன்றில் உதவும் மாற்றம் மற்றதில் காலை வாரும். டெங்கு வைரஸின் சுமார் 10,700 எழுத்துகளில் ஓராண்டில் ஏழெட்டு எழுத்து மாறித் தங்கினால் அதிகம். இந்த நிதானம் ஆய்வாளர்களுக்கு வசதியாகப் போயிற்று. இரண்டு வைரஸ்களுக்கு இடையே எத்தனை எழுத்து வேறுபாடு என்று எண்ணினால், அவற்றின் பொது மூதாதை எப்போது வாழ்ந்தது என்று மதிப்பிடலாம். கொசு கடித்த நாளை யாரும் குறித்து வைப்பதில்லை. வைரஸ் குறித்து வைத்திருக்கிறது.

ஜிகாவில் இந்தக் கடிகாரம் ஒரு சங்கடமான உண்மையைச் சொன்னது. 1947-இல் உகாண்டாவின் ஜிகா காட்டில், ஆய்வுக்காக மரமேடையில் வைத்திருந்த ரீசஸ் குரங்கொன்றில் முதலில் கண்டறிந்த வைரஸ் அது. பிரேசிலில் அதை உறுதிசெய்தது 2015 மே மாதம். மரபணுவரிசைகளை ஒப்பிட்டபோது, அமெரிக்கக் கண்டத்துக்கு அது வந்தது 2013-இலேயே என்று தெரிந்தது. ஓராண்டுக்கும் மேலாக, டெங்குபோன்ற மற்ற காய்ச்சல்களின் பெயரில் யாரும் அறியாமல் ஊர் ஊராகப் போயிருக்கிறது. சிறுதலைக் குழந்தைகள் பிறக்கத் தொடங்கிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

ஜிகாவைப் படிப்பதே பெரும்பாடாக இருந்தது. நோயாளியின் இரத்தத்தில் வைரஸ் மிகக் குறைவாகவும் சில நாட்களுமே இருக்கும். இதற்காக, மரபணுத்தொகையைச் சிறுசிறு துண்டுகளாக, ஓட்டுக்கூரை வேய்வதுபோல் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி பெருக்கிப் படிக்கும் முறையை உருவாக்கினார்கள். 2016-இல் ஓர் ஆய்வுக்குழு ஆய்வகமாக மாற்றிய வண்டியில், உள்ளங்கையில் அடங்கும் வரிசைப்படுத்தும் கருவியோடு பிரேசிலின் வடகிழக்கு நகரங்களைச் சுற்றிவந்தது. நான்கு ஆண்டு கழித்துக் கொரோனா வந்தபோது உலகெங்கும் ஆய்வகங்கள் கையில் எடுத்தது இதே துண்டுமுறையைத்தான்.

கடிகாரமும் வம்சாவளி மரமும் உடனடி முடிவெடுக்க உதவியதற்குப் பிரேசிலின் மஞ்சள்காய்ச்சல் நல்ல சான்று. 2016 இறுதியில் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் அது வெடித்தபோது எல்லோரையும் ஒரே அச்சம் பிடித்தது: காட்டுக் குரங்குகளுக்கும் காட்டுக் கொசுக்களுக்கும் இடையே சுழலும் வைரஸ், நகரத்து எஜிப்தி கொசுவுக்குத் தாவிவிட்டதா? தாவியிருந்தால் பெருநகரங்கள் தாங்காது. குரங்குகளிடமும் மனிதர்களிடமும் எடுத்த வைரஸ்களை ஒரே மரத்தில் வைத்துப் பார்த்தபோது, மனிதர்களிடம் இருந்தவை குரங்குகளின் கிளைகளிலிருந்தே மீண்டும் மீண்டும் கிளைத்திருந்தன. மனிதரிடமிருந்து மனிதருக்கு நகர்ப்புறச் சங்கிலி ஓடியதற்கு அடையாளம் இல்லை. நோயாளிகளில் பெரும்பாலோர் காட்டோரம் போய்வரும் ஆண்கள் என்பதும் அதற்குப் பொருந்தியது. ஆக, தடுப்பூசியை எங்கே முதலில் கொண்டுசெல்வது என்ற கேள்விக்குப் பிடி கிடைத்தது.

படிப்பதற்கும் நிறுவுவதற்கும் இடையிலான பள்ளத்தில் விழுந்ததும் ஜிகா ஆய்வுதான். 2017-இல் ஒரு குழு, வைரஸின் சவ்வுப் புரதத்தின் முன்வடிவில் 139-ஆம் இடத்தில் நேர்ந்த ஒரே மாற்றம்தான் ஜிகாவை மூளையைத் தாக்கும் நோயாக்கியது என்று, எலிகளில் செய்த சோதனையோடு அறிவித்தது. 2013-இல் பிரெஞ்சு பாலினீசியாவில் பரவுவதற்குச் சற்று முன் அந்த மாற்றம் பிறந்ததால் கதை கச்சிதமாகப் பொருந்தியது. ரொம்பக் கச்சிதம். அந்த மாற்றமே இல்லாத ஆப்பிரிக்க வைரஸ்கள் எலிக்கருவுக்கு அதைவிடக் கூடுதலாகவே தீங்கு செய்தன என்று பிற்பாடு வந்த ஆய்வுகள் காட்டின. ரீயூனியனில் ஒற்றை எழுத்து வென்றுவிட்டதால், எங்கும் ஒற்றை எழுத்தைத் தேடும் பழக்கம் வந்துவிட்டதோ என்று எனக்கொரு ஐயம்.

டெங்கு அதற்கு நேரெதிரான பாடம் சொல்லும். 1994-இல் புவேர்ட்டோ ரிக்கோவில் பெரும் டெங்குப் பரவல் நிகழ்ந்தபோது, அதுவரை இருந்த டெங்கு-2 கிளையை ஒரு புதிய கிளை துடைத்தெறிந்தது. அதன் வெற்றிக்குக் காரணமாகக் கண்ட மாற்றங்கள் எந்தப் புரதத்திலும் இல்லை, ஆர்.என்.ஏ. இழையின் வால்பகுதியில், புரதமாக மாறாத இடத்தில் இருந்தன. நம் செல்லின் நொதியொன்று வைரஸ் ஆர்.என்.ஏ.வை மென்றுகொண்டே வந்து, வாலில் உள்ள முடிச்சில் சிக்கி நின்றுவிடுகிறது. மிஞ்சும் அந்தத் துண்டை வைரஸ் வீணாக்குவதில்லை. செல்லின் அபாயமணியை ஒலிக்க உதவும் புரதமொன்றைப் பிடித்து வாயடைக்க அதைப் பயன்படுத்துகிறது. புதிய கிளை இந்தத் துண்டைக் கூடுதலாக உண்டாக்கியது, அது அந்தப் புரதத்தை இறுக்கமாகவும் பிடித்தது. புரதங்களை மட்டும் ஒப்பிட்டிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

இதுவரை சொன்னதெல்லாம் வைரஸின் பக்கம். நோய் என்பது மூன்று மரபணுத்தொகைகள் கூடும் இடம்: வைரஸ், கொசு, மனிதர். கொசுவின் பக்கம் தாமதமாகத்தான் திறந்தது. ஏடிஸ் எஜிப்தியின் முதல் மரபணுவரைவு 2007-இல் வந்தது. சுமார் 130 கோடி எழுத்துகளில் பாதிக்குமேல் திரும்பத் திரும்ப வரும் துணுக்குகள் என்பதால் அது ஆயிரக்கணக்கான துண்டுகளாகவே கிடந்தது. மூன்று நிறப்புரிகளில் ஒழுங்காக அடுக்கிய பதிப்புக்கு 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கொசுவின் மரபணுக்கள் சொல்பவற்றுள் நடைமுறைக்கு மிக நெருக்கமானது மருந்தெதிர்ப்பு. புகைமருந்திலும் கொசுவிரட்டியிலும் உள்ள பைரித்ராய்டு, கொசுவின் நரம்பில் இருக்கும் சோடியம் வாய்க்காலை மூடவிடாமல் செய்து அதைக் கொல்கிறது. அந்த வாய்க்காலின் மரபணுவில் 1016, 1534 ஆகிய இடங்களில் நேரும் மாற்றங்கள் மருந்தைப் பிடியிழக்கச் செய்கின்றன. 2022-இல் வியட்நாமிலும் கம்போடியாவிலும் 982-ஆம் இடத்தில் ஒரு மாற்றம் மிகுதியாகப் பரவியிருப்பதை அறிவித்தார்கள். 1534-இன் மாற்றத்தோடு சேரும்போது வழக்கமான அளவு மருந்து அந்தக் கொசுக்களை அசைக்கவே இல்லை. இதைச் சோதிக்க ஒரு கொசுக்கால் போதும். தெருவெல்லாம் புகை அடித்துவிட்டுக் கொசு குறையவில்லையே என்று வியப்பதைவிட, அடிப்பதற்கு முன்பு கால் பார்ப்பது மலிவு.

எஜிப்தி கொசு ஏன் மனிதரையே தேடி வருகிறது என்பதும் ஓரளவு விளங்கியிருக்கிறது. கென்யாவின் ரபாய் பகுதியில் காட்டில் வாழும் கருத்த எஜிப்தி, விலங்குகளை விரும்புகிறது. வீட்டுக்குள் வாழும் பழுப்பு எஜிப்தி, மனிதரை. இரண்டையும் கலப்பினம் செய்து பார்த்த 2014 ஆய்வில், மனித வாடையில் மிகுந்திருக்கும் ஒரு வேதிப்பொருளை உணரும் ஏற்பியின் மரபணு வீட்டுக் கொசுவில் கூடுதலாக இயங்குவது தெரிந்தது.

இன்னும் விந்தையானது கொசுவின் நினைவு. எஜிப்தியின் மரபணுத்தொகைக்குள் பழைய வைரஸ்களின் துண்டுகள் பதிந்து கிடக்கின்றன. அவற்றைக் குப்பை என்றே முதலில் நினைத்தார்கள். அந்தத் துண்டுகளிலிருந்து உருவாகும் குட்டி ஆர்.என்.ஏ.க்கள், அதே இன வைரஸ் மீண்டும் வந்தால் அடையாளம் கண்டு அடக்க உதவுகின்றன என்று இப்போது தெரிகிறது. கொசுக்களை மட்டுமே தொற்றும் ஒரு வைரஸின் துண்டை மரபணுத்தொகையிலிருந்து வெட்டியெடுத்தபோது, அந்த வைரஸ் கொசுவின் சூலகத்தில் கூடுதலாகப் பெருகியது. டெங்குவுக்கு எதிராக இதேபோன்ற நினைவைக் கொசுவுக்குள் பதிக்க முடியுமா என்பது தனிக்கதை.

மனிதர் பக்கம் எனக்கு மிகப் பிடித்த கண்டுபிடிப்பு மாட்டைப் பற்றியது. 2018-இல், செல்லின் மரபணுக்களை ஒவ்வொன்றாக முடக்கிப் பார்த்து, சிக்குன்குனியா நுழையும் கதவான எம்.எக்ஸ்.ஆர்.ஏ.8 என்ற புரதத்தைக் கண்டார்கள். மாட்டிலும் அந்தப் புரதம் உண்டு. ஆனால் அதில் 15 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துருத்தல் கூடுதலாக இருப்பதால் வைரஸ் ஒட்ட முடிவதில்லை. துருத்தலை நீக்கினால் ஒட்டுகிறது. மனிதருக்குள் இருக்கும் வேறுபாடுகள் இவ்வளவு பளிச்சென்று தெரிவதில்லை. வியட்நாமில் டெங்கு அதிர்ச்சிக்கு (இரத்த ஓட்டம் சரிந்துபோகும் கடும் நிலைக்கு) ஆளான 2,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்த 2011 ஆய்வு இரண்டு மரபணுக்களைச் சுட்டியது. அவற்றில் ஒன்று, சிறுநீரில் புரதம் கசியும் பிறவிச் சிறுநீரக நோயோடு முன்பே தொடர்புபட்டது. டெங்குவில் ஆளைக் கொல்வதும் பெரும்பாலும் இரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசிவதுதான் என்பதால் அது காரணத்தோடு வந்த பொருத்தமாகத் தெரிகிறது. ஆனாலும் தனியொரு குழந்தைக்கு ஆபத்து வருமா என்று சொல்லும் அளவுக்கு அந்த வேறுபாடுகளின் தாக்கம் பெரிதல்ல.

எல்லாவற்றையும் படித்த பிறகுதான் மருந்து என்றிருந்தால் இன்னும் காத்துக்கொண்டிருப்போம். மஞ்சள்காய்ச்சல் தடுப்பூசியை மாக்ஸ் தைலர் 1930-களில் உருவாக்கினார். வைரஸைத் திசுக்களில் நூற்றுக்கும் மேற்பட்ட முறை மாற்றி மாற்றி வளர்த்து, வீரியம் இழந்த ஒன்றைப் பிடித்தார். எழுத்து எதையும் படிக்கும் வழி அன்று இல்லை. 1951-இல் நோபல் பரிசும் வந்தது. 1987-இல் மூல வைரஸோடு ஒப்பிட்டபோது 68 எழுத்துகள் மாறியிருந்தன. அவற்றால் 32 அமினோ அமிலங்கள் வேறுபட்டன. அந்த 32-இல் எவையெவை சேர்ந்து வைரஸைச் சாதுவாக்கின என்பது இன்றளவும் முழுமையாகப் பிரித்தறியப்படவில்லை. கோடிக்கணக்கானோரைக் காத்த தடுப்பூசி அது.

திரும்ப 226-க்கு வருவோம். 2007 கோடையில் கேரளத்திலிருந்து வந்த ஒருவர் மூலம் வடகிழக்கு இத்தாலியின் சிற்றூர்களில் சிக்குன்குனியா தொற்றி, சுமார் 200 பேருக்குப் பரவியது. எஜிப்தி கொசு இல்லாத இடம், பரப்பியது புலிக்கொசு, வைரஸில் வாலின். எதிர்பார்த்தபடி. 2017-இல் ரோமை ஒட்டிய பகுதியில் அதைவிடப் பெரிய பரவல். பரப்பியது மீண்டும் புலிக்கொசுதான். வைரஸைப் படித்தார்கள், 226-ஆம் இடத்தில் பழைய அலனின் அப்படியே இருந்தது. கொசு போதுமான அளவுக்கு அடர்ந்து, வெயில் போதுமான அளவுக்கு நீண்டால், அந்த எழுத்து இல்லாமலும் வைரஸ் சமாளித்துக்கொள்கிறது.

2024 ஆகஸ்டில், பத்தாண்டுக்குப் பிறகு, ரீயூனியனில் உள்ளூர்த் தொற்று மீண்டும் தென்பட்டது. 2025-இன் நடுப்பகுதிக்குள் 50,000-க்கும் மேற்பட்டோருக்கு உறுதியானது. இந்த முறை வைரஸைத் தொடக்கத்திலேயே வரிசைப்படுத்தினார்கள். 226-ஆம் இடத்தில் வாலின் இருந்தது.